புல்வெட்டும் மெஷினும் சோழவரம் ரேஸும்

இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் விஸ்பரோ கிரீன் என்று ஒரு கிராமம். 1973-ல் அந்த ஊர் மதுக்கடையில் சில நண்பர்கள் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்கள். புலம்பலெல்லாம் மோட்டார் பந்தயத்துக்கு ஆகும் செலவைப் பற்றி. கார் வாங்க வேண்டும், டயர் வாங்க வேண்டும், மெக்கானிக் வைக்க வேண்டும், அதற்கெல்லாம் பணம் கொடுக்க ஒரு கம்பெனியைப் பிடிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரனால் முடிகிற காரியமா? ஜன்னலுக்கு வெளியே ஊர் கிரிக்கெட் மைதானத்தில் ஒருவர் புல்வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பிறந்ததுதான் அந்த யோசனை. அந்த நாட்டில் அநேகமாக வீட்டுக்கு ஒரு புல்வெட்டும் மெஷின் தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கிறது. அதிலேயே பந்தயம் விட்டால் என்ன?

கிண்டலாகத் தொடங்கியதுதான். ஆனால் ஜிம் கேவின் என்பவர் முன்னின்று அதற்கு ஒரு சங்கமே வைத்துவிட்டார். பிரிட்டிஷ் புல்வெட்டி மெஷின் பந்தயச் சங்கம் இன்றைக்கும் நடக்கிறது. ஓட்டுபவர் மேலே உட்கார்ந்து சின்ன டிராக்டர் போல ஓட்டும் மெஷின் அது. பந்தயத்துக்கு முன் வெட்டுகிற பிளேடைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவன் கதி அதோகதி. பரிசுப் பணம் கிடையாது. கம்பெனி விளம்பரம் ஒட்டிக்கொண்டு வரவும் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை ராத்திரி முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் வைக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற ஸ்டிர்லிங் மாஸும், லெ மான் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்த டெரிக் பெல்லும் இந்தப் புல்வெட்டி மெஷினில் ஏறி ஓட்டியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காக்காரன் இதிலும் முந்திக்கொண்டான். இண்டியானா மாநிலத்தில் ட்வெல்வ் மைல் என்ற சிற்றூரில் 1963 முதலே ஜூலை 4-ஆம் தேதி சுதந்திர தினத்துக்குப் புல்வெட்டி ஓட்டம் நடக்கிறது. பிற்பாடு ஹோண்டா கம்பெனி மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பொருத்தி ஒரு மெஷினைச் செய்து, 2014-ல் ஸ்பெயினில் மணிக்கு 187 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டியது. 2019-ல் அதைவிடப் பெரியதாக இன்னொன்று செய்து ஜெர்மனியில் ஒரு பெண் ஓட்டினார். என்னைக் கேட்டால் அது புல்வெட்டியின் சட்டையை மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள். விஸ்பரோ கிரீன் ஆசாமிகள் தொடங்கிய விஷயம் அதுவல்ல. கையில் இருக்கும் வண்டியை வைத்து, கைக்காசுக்குள் பந்தயம் விடலாமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதே கேள்வியை நம் பக்கத்திலும் கேட்டிருக்கிறார்கள். நான் எழுத வந்தது அந்தக் கதையைத்தான்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. புல்வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங், வருஷம் 1830. நெசவு ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் உருளை மெஷினைப் பார்த்துவிட்டு, அதையே புல்லுக்குச் செய்தார். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு வந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். பிரெஞ்சில் புல்வெட்டிக்கு ‘தோந்தேஸ்’ என்று பெயர். சலூனில் பிடரி முடியை வழிக்கும் மெஷினுக்கும் அதே பெயர், துணியின் மயிரைக் கத்தரிக்கும் மெஷினுக்கும் அதே பெயர். பட்டிங் என்ன செய்தார் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

நம் தென்காசிச் சீமையில் புல்வெட்ட மெஷின் எதற்கு? ஆடு எதற்கு இருக்கிறது? குற்றாலத்தில் ஐந்தருவி பக்கம் பூங்காவிலும் ஒன்றிரண்டு விடுதிகளிலும் புல்தரை பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் வேலை செய்யும் வண்டியை எடுத்துப் பந்தய வண்டியாக்குவது நமக்குப் புதிதில்லை. மாட்டு வண்டிப் பந்தயம் இருக்கிறதே! பாரம் ஏற்றுகிற வண்டியில் பாதி எடை மரத்திலும் இரும்புப் பட்டையிலும் போய்விடும். பந்தயத்துக்கான ரேக்ளா வண்டியில் அந்தச் சுமை எதுவும் கிடையாது. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, ஏர்க்கால், ஓட்டுகிற சாரதி குந்தி உட்கார ஓர் இடம். தேவையில்லாததை எல்லாம் கழித்துக் கழித்து மிச்சம் வைத்ததுதான் ரேக்ளா. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் கோயில் கொடைக்கும் தலைவர்கள் பிறந்த நாளுக்கும் இது நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனிப் பிரிவு. நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருஷம் ஆகியும் மாட்டு வண்டிப் பந்தயத்து நோட்டீஸில் மட்டும் ‘போக வர எட்டு மைல்’ என்றே இன்னும் அச்சடிக்கிறார்கள். 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து இதையும் நிறுத்தியது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. மாட்டை வால் கடித்தும் தார்க்குச்சியால் குத்தியும் ஓட்டியவர்கள் உண்டு என்பதால், நீதிமன்றம் கேட்ட கேள்விகளைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

மாடு போய் மோட்டார் வந்தபோதும் இதே கதைதான். உலகத்தில் மோட்டார் வண்டிகளுக்கென்று நடந்த முதல் பெரிய போட்டி 1894 ஜூலை 22-ல் பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்தது. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குப் படம் போட்டிருந்தது. ஒரு பத்திரிகை நடத்திய போட்டி அது. முதலில் போய்ச் சேர்ந்தது தெ தியோன் பிரபுவின் நீராவி டிராக்டர். ஆனால் முதல் பரிசை அதற்குக் கொடுக்கவில்லை. அடுப்புக்குக் கரி அள்ளிப் போட இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, அது சாதாரண மனிதன் வைத்து ஓட்டக்கூடிய வண்டி அல்ல என்று சொல்லி, பரிசை பான்ஹார், பெழோ வண்டிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். எது வேகம் என்பதைவிட எது கட்டுப்படியாகும் என்பதே முதல் போட்டியின் விதி. அந்த விதி வெகுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாண்டிச்சேரியில் நான் சிறுவனாக இருந்தபோது தெருவில் ஓடியவை மொபிலெத்தும் சோலெக்ஸும். சோலெக்ஸ் என்பது முன்சக்கரத்தின் தலையில் சின்ன என்ஜினைத் தூக்கி வைத்த சைக்கிள், அவ்வளவுதான். தலைப்பாகை கட்டிய சைக்கிள் மாதிரி இருக்கும். பிரான்சில் அந்தச் சோலெக்ஸை மாற்றியமைத்து மணிக்கணக்கில் பந்தயம் விடுகிற கூட்டம் இப்போதும் இருக்கிறது. மொபிலெத்தைச் செய்த மோத்தோபெக்கான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுத் திருப்பதிப் பக்கம் தயாரானதுதான் நம் ஊர் சுவேகா மொபெட். இதைப் படிப்பவர்களில் சுவேகாவை மிதித்து ஸ்டார்ட் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் தெருப் பையன்கள் அப்போதே சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டு, ‘டர்ர்’ரென்று கடற்கரைச் சாலையில் போவார்கள். அந்தத் தடுப்புக்குப் பிரெஞ்சில் ‘ஷிக்கான்’ என்று பெயர். பந்தயப் பாதையில் வேகத்தைக் குறைக்க வைக்கும் வளைசல் தடுப்புக்கும் ஷிக்கான்தான். கோர்ட்டு விவகாரத்தில் வீண் வில்லங்கம் பண்ணுவதற்கும் அதே சொல். மூன்றும் காரியத்தைத் தாமதப்படுத்தும் சமாசாரம்தானே.

எழுபதுகளில் சென்னையில் போக்குவரத்து இலாகாவில் கிளார்க்காக இருந்தபோதுதான் சோழவரம் பார்த்தேன். பாரிமுனையிலிருந்து பஸ் பிடித்து, செங்குன்றம் தாண்டிப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனும் இப்படிப் போர்க்கால விமானத் தளமாக இருந்து பந்தயத் திடலானதுதான். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் கடைசி வரை சோழவரத்தில் அவர்கள் நடத்திய பந்தயம் சென்னையின் பெரிய திருவிழாக்களில் ஒன்று.

பொங்கல் கழிந்த பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. திறந்தவெளி, ஒரு மரத்து நிழல் கிடையாது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஜனம் நிற்கும். புளியோதரைப் பொட்டலத்தோடு குடும்பமாக வந்தவர்களும் உண்டு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வண்டிகள், இந்தப் பக்கம் நாம். இன்றைக்கு நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. காற்றில் ஒரு வாசனை வரும், அதை யாரும் மறக்க முடியாது. பந்தய என்ஜின்களுக்கு அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த ஆயில் ஊற்றுவார்கள். அது எரிகிற வாசனை. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்குக்கு இங்கிலீஷில் உள்ள பெயரிலிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய் குடிக்க வைத்த பாட்டிக்கு, அதே எண்ணெயில் கார் ஓடுகிறது என்று சொன்னபோது ஆச்சரியமே இல்லை. ‘வயிறே ஓடுது, கார் ஓடாதா?’ என்றாள்.

சோழவரத்தில் இரண்டு ஜாதி வண்டிகள் உண்டு. கோண்டல் ராஜ குடும்பத்தார் கொண்டு வந்தது போன்ற சீமை வண்டிகள் ஒரு ஜாதி. பிற்பாடு விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரையே இறக்கி ஓட்டினார். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜனம் கத்தியது இன்னொரு ஜாதிக்கு. தெருவில் நாம் பார்க்கிற ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர். அப்புறம் புல்லட், ஜாவா, ராஜ்தூத். அன்றைக்கு வெளிநாட்டுக் கார் இறக்குமதி என்பது சாமானியனுக்கு நடக்காத காரியம். மூன்று கம்பெனி கார் செய்தது, அதற்கும் வருஷக்கணக்கில் பதிந்து காத்திருக்க வேண்டும். ஆகவே பந்தயம் விட ஆசைப்பட்டவன் வீட்டு வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும்.

948 சிசி ஹெரால்டு என்ஜினைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணுவதென்றால் பட்டறையில் பல நாள் தவம். சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்து மயிரிழை மயிரிழையாகச் சீவுவார்கள். ஹெட் தணிந்தால் உள்ளே அழுத்தம் கூடும், சக்தி கூடும். கொஞ்சம் அதிகம் சீவிவிட்டால் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும். பெட்ரோலும் காற்றும் போய் வருகிற துவாரங்களை அரம் வைத்து அகலமாக்கி, கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்ப்பார்கள். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு. பம்பர், பின்சீட், கதவுத் துணி, தரைவிரிப்பு எல்லாம் கழன்று திண்ணைக்கு வந்துவிடும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. வண்டி உருண்டால் தலை தப்ப, உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. இவ்வளவும் செய்தவர்கள் என்ஜினீயர்கள் அல்லர். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காது வைத்தே என்ஜின் நோய் சொல்லும் மேஸ்திரிகள். ஓட்டியவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். மேஸ்திரி பெயர் வராது. இந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உண்டு.

திங்கட்கிழமை காலையில் அதே காருக்குச் சீட்டைப் போட்டு, பம்பரை மாட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்கள் இருந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு எஃப்சி காட்ட வரும் டாக்ஸிகளுக்கு நடுவில், பக்கவாட்டில் பந்தய எண்ணை அழித்தும் அழியாத தடத்தோடு ஒரு ஃபியட் வந்து நின்றது நினைவிருக்கிறது. இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாம் சட்டப்படி சரியாகவே இருந்தது. கடைசியில் ‘எந்த வருஷம் சார், சோழவரம்?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்தக் கதையில் கோயம்புத்தூரை விட்டுவிட்டால் கதையே இல்லை. மில்லும் பம்ப்செட்டும் வளர்த்த ஊர் அது. இரும்பை உருக்கி வார்க்க ஒரு தெரு, கடைய ஒரு தெரு என்று வேலை தெரிந்த கைகள் நிறைந்த ஊர். புல்வெட்டி துணி ஆலையில் பிறந்த மாதிரி, நம் நாட்டின் மலிவுப் பந்தயக் காரும் துணி ஆலை முதலாளி வீட்டில்தான் பிறந்தது. லக்ஷ்மி மில்ஸ் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் சோழவரத்தில் ஓட்டிப் பெயர் வாங்கியவர். பணத்துக்குக் குறைவில்லாதவர். சீமையிலிருந்து ஒரு காரை வரவழைத்து ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் மனசு அதில் நிற்கவில்லை. தானே கார் செய்ய ஆரம்பித்தார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. நாலைந்து வருஷத்துக்குள் ஊருக்கு ஊர் அதன் உதிரி பாகமும், அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைத்துவிட்டது. கரிவரதன் பிடித்தது அங்கேதான். ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரின் உடம்பு, அதற்குள் தெருவில் ஓடும் மாருதி காரின் என்ஜினும் கியர்பாக்ஸும். எண்பதுகளின் கடைசியில் வந்த இதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். உலகத் தரத்துக்கு இது பொம்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே என்ஜின். அப்பன் பணத்தால் ஜெயிக்கிற வழி அநேகமாக அடைபட்டது, கால் அழுத்தமும் கை நிதானமும்தான் மிச்சம். என்ஜின் கெட்டால் லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டாம், காந்திபுரத்தில் பாகம் வாங்கலாம். விஸ்பரோ கிரீன் மதுக்கடையில் புலம்பியவர்களுக்குக் கிடைத்த அதே விடை இது. அவர்கள் கொட்டகையில் தேடினார்கள், இவர் மாருதி ஒர்க்‌ஷாப்பில் தேடினார்.

1990-ல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகக் கட்டிய பாதைக்கு மாறியது. சுமார் 3.7 கிலோமீட்டர், பாதுகாப்பு எல்லாம் கணக்குப் பண்ணிப் போட்டது. சோழவரம் புல் முளைத்துப் போயிற்று. கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் அங்கேதான் ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கினார். தகப்பனார் ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பல முறை ஜெயித்தவர். பையன் அடுத்துப் போய்ப் படித்தது பிரான்சில், வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில். இதைப் பேப்பரில் படித்தபோது, அந்தப் பிள்ளைக்குப் பிரெஞ்சு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அந்த வருஷம் அமெரிக்காவில் டயர் தகராறில் பெரும்பாலான கார்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்தார். ஆறில் நாலு என்று சிரித்தவர்கள் உண்டு. மாருதி 800 என்ஜினில் கற்றுக்கொண்ட ஒருவன் அந்த ஆறில் ஒருவனாக நின்றான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில் சிறிய ரக விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். நாற்பது வயசை ஒட்டித்தான் இருக்கும். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், கரி மோட்டார் ஸ்பீட்வே. அவர் காட்டிய வழியில்தான் இன்றைய ஃபார்முலா எல்ஜிபி கார்களும் மாருதி ஸ்விஃப்ட் என்ஜினோடு ஓடுகின்றன.

ஆனால் செலவு என்பது தண்ணீர் மாதிரி, எங்கே அணை போட்டாலும் மேலே ஏறிவிடும். இப்போது பையன் பந்தயக்காரன் ஆக வேண்டுமானால் ஆறு ஏழு வயதில் கார்ட்டிங்கில் சேர்க்க வேண்டும், டயருக்கும் பயிற்சிக்கும் வெளிநாட்டுக்கும் அப்பா வருஷக்கணக்கில் செலவழிக்க வேண்டும். தென்காசியிலிருந்து கிட்டத்தில் உள்ள பந்தயப் பாதை கோயம்புத்தூர். டிவிஎஸ் 50-ல் வாழைத்தாரும் பால் கேனும் ஏற்றிப் பிழைக்கிற வீட்டுப் பையன் அங்கே எப்படிப் போவான்? அவனுக்குக் கிடைத்த பாதை ரோடுதான். சாரல் சீசனில் குற்றாலம் ரோட்டில் நின்று பாருங்கள். சைலன்சரை அறுத்து, மட்கார்டைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, நாலைந்து வண்டி ஒரே மூச்சில் போகும். சைலன்சரைக் கழற்றுவதில் பாண்டிச்சேரிப் பையன்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அன்றைக்கு ரோட்டில் கூட்டம் இல்லை, என்ஜின் 50 சிசி. இன்றைக்கு 200 சிசி, எதிரில் ஐயப்ப பக்தர்கள் வேன்.

இலாகாவில் இருந்தவன் என்பதால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பிரிவு 189, பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது. அந்த 189-ல் ஒரு வாசகம் உண்டு: மாநில அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விட்டால்தான் குற்றம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே, மூன்றரை கிலோமீட்டர் பாதை, அது அந்த அனுமதியின் பலன். எனக்கு அதில் வருத்தம் இல்லை, டிவியில் உட்கார்ந்து பார்த்தேன். அரசாங்கம் மனசு வைத்தால் ரோட்டையே பந்தயப் பாதையாக்கலாம் என்றால், மாவட்டத்துக்கு ஒரு காலி மைதானத்தில் மாதம் ஒரு ஞாயிறு, ஆம்புலன்ஸும் ஹெல்மெட்டும் வைத்து, இந்தப் பையன்களை அவர்கள் வண்டியிலேயே ஓடவிடுவது அவ்வளவு கஷ்டமா என்றுதான் கேட்கிறேன். சோழவரமும் வெறும் காலி ஓடுதளம்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டேன், நிஜமான புல்வெட்டி என்ஜின் நம் பையன்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லவில்லையே. அமெரிக்காவில் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் என்று ஒரு பழைய கம்பெனி. புல்வெட்டும் மெஷின்களுக்கு என்ஜின் செய்வதில் பேர்போனது. 1976 முதல் அங்கே என்ஜினீயரிங் மாணவர்களுக்கு பாஹா என்று ஒரு போட்டி வைக்கிறார்கள். சின்ன என்ஜின் ஒன்றை வைத்துக்கொண்டு, காடு மேட்டில் ஓடும் ஒற்றை ஆள் வண்டியை மாணவர்களே குழாய் வளைத்து, வெல்டிங் வைத்துச் செய்ய வேண்டும். இந்தியாவில் இது 2007-ல் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கம் பீதம்பூர்தான் களம். அங்கேயும் பல வருஷம் எல்லா அணிக்கும் அதே பிரிக்ஸ் கம்பெனியின் 10 குதிரைசக்தி என்ஜின்தான். என்ஜினைத் தொடக் கூடாது, மற்றது எல்லாம் உன் சாமர்த்தியம். கடைசி நாளில் நான்கு மணி நேரம் விடாமல் ஓட்டம். மேடு, பள்ளம், சேறு, பாறை. தமிழ்நாட்டிலிருந்து நிறையக் கல்லூரிகள் போகும்.

எங்கள் தெருவில் ஒரு பையன், அப்பா ரைஸ்மில்லில் வேலை, அப்படி ஓர் அணியில் இருந்தான். ஒரு விடுமுறையில் என்ஜினோடு வந்த கையேட்டைக் கொண்டுவந்தான். அதில் இங்கிலீஷோடு பிரெஞ்சும் இருந்தது. இங்கிலீஷில் சொல்லாதது ஏதாவது பிரெஞ்சில் இருக்கிறதா பாருங்கள் என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட பிரெஞ்சு தேவைப்படாத ஊரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது விருந்து. இரண்டிலும் ஒரே சங்கதிதான்: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கில் கை வைக்காதே என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள். சொன்னேன்.

‘அதத் தொட்டா வெளிய அனுப்பிருவாங்க தாத்தா. எடையக் கொறைக்கதுதான் வழி’ என்றான்.

கொடிமரத்துப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, பின்சக்கர ஹப்பைக் கடைந்து எடை குறைத்துக்கொண்டு போனான். எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். முக்கால் கிலோ என்றான். அந்த முக்கால் கிலோவுக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! பீதம்பூரில் மூன்றாவது மணி நேரத்தில் அச்சு ஒடிந்து வண்டி நின்றுவிட்டது. ஹப் ஒன்றும் ஆகவில்லையாம், அதை மட்டும் தனியாகப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நான் அதை லேத் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.